சிவப்புக் காரின் கூரை

பிஸ்கட் டின்னைத் திறந்து உள்ளே பார்த்ததும் கண்ணாடிக்காரருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. உள்ளே செத்த எலி ஏதும் இல்லை, கையகல பிளாஸ்டிக் கார்தான். ஆனால் அது கிடந்த கோலம் இருக்கிறதே! ஜன்னல் ஓரமெல்லாம் பசை வழிந்து, காய்ந்த சளி மாதிரி மஞ்சளாக உறைந்திருந்தது. சிவப்புப் பெயின்ட்டைப் பிரஷ்ஷால் அப்பித் தள்ளியிருந்தார்கள். அதற்குள் பிரஷ் மயிர் நாலைந்து, நடுவே ஓர் எறும்பு கால் பரப்பியபடி சமாதியாகியிருந்தது. முன்சக்கரம் ஒன்று கிழக்கே பார்த்தால் இன்னொன்று மேற்கே பார்த்தது.

"எப்படி மாப்பிள்ளை, நம்ம கைவேலை?" என்றார் மாமனார், சோபாவில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு.

'காலால் கட்டினீர்களா' என்று நாக்கு நுனிவரை வந்ததைக் கண்ணாடிக்காரர் விழுங்கினார். "பழசு இல்லையா மாமா..." என்று இழுத்தார்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது அவர் தொழில். பகலெல்லாம் ஊரார் விரல் பட்ட அழுக்கைத் துடைத்துத் துடைத்து, கைரேகை என்றாலே அவருக்கு ஆகாமல் போய்விட்டது. வீட்டுப் பின்னறையில் ஒரு மேஜை போட்டு, துண்டு துண்டாக வரும் பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் கார் கிட்டுகளைக் கட்டுவார். பெட்டி பிரிக்காமல் கிடைத்தால் புதிதாகக் கட்டுவார், யாரோ கட்டிக் கெடுத்தது கிடைத்தால் பிரித்து மறுபடி கட்டுவார். இரண்டாவதில்தான் அவருக்கு ருசி அதிகம். கெடுத்தவனைத் திட்டிக்கொண்டே வேலை செய்யலாம் அல்லவா?

அவருடைய மனைவி, பாவம், இந்தச் சுத்தக்காரரிடம் வந்து மாட்டிக்கொண்டவள். எப்போதும் லென்ஸிலேயே கட்டைவிரலை வைத்துத்தான் கண்ணாடியைக் கழற்றுவாள். சொல்லிச் சொல்லி அவர் வாய் வலித்ததுதான் மிச்சம். கல்யாணமான நாளிலிருந்து காலையில் எழுந்ததும் அவருடைய முதல் வேலை, அவள் கண்ணாடியை எடுத்து ஊதித் துடைப்பது. "உன் கட்டைவிரல் இங்கயே குடியிருக்கு, வாடகை மட்டும் வரக் காணோம்" என்று முணுமுணுத்துக்கொண்டே துடைத்துக் கொடுப்பார். அவள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போட்டுக்கொள்வாள்.

மாமனார் ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர். அவருடைய பழைய அலுவலகத்தில் ஆண்டு விழா வருகிறது. ஊழியர்கள் அந்தக் காலத்தில் பரிசு வாங்கிய பொருட்களையெல்லாம் பெயர் எழுதிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போகிறார்கள். கைவேலைப் போட்டியில் முதல் பரிசு வாங்கியது இந்தக் கார். போட்டிக்கு வேறு என்ன வந்தது என்று கேட்டால், ஒரு தீக்குச்சி வீடு, அதுவும் வழியிலேயே இடிந்துவிட்டது, அப்புறம் கொஞ்சம் காகிதப்பூ. மாமனார் சொல்லும்போது மட்டும் அது ஊரே திரண்டு வந்த போட்டியாகிவிடும். விழாவுக்குள் கார் பளபளக்க வேண்டும், அதுவரை அவர் இங்கேதான் தங்குவார் என்று ஏற்பாடு.

தங்கினார். தங்கிய மறுநாளே, கண்ணாடிக்காரர் பின்னறைக்குள் போனால், மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து, சன்னமான பாகங்களை வெட்டும் கத்தியால் கால் நகத்து அழுக்கை நோண்டிக்கொண்டிருந்தார். நோண்டியதை வெட்டுப் பலகையில் ஓரமாகக் குவித்தும் வைத்திருந்தார்.

"நல்ல கூர்மை மாப்பிள்ளை" என்று பாராட்டு வேறு.

அடுத்த நாள் பொடிப் பாகங்களைப் பிடிக்கும் இடுக்கி அவர் பல்லிடுக்கில் இருந்தது. கண்ணாடிக்காரர் சமையலறைக்குப் போய் மனைவியிடம் பொருமினார்.

"உங்கப்பாவுக்கு என் மேஜைதான் கிடைச்சுதா? வயித்தைப் புரட்டுது எனக்கு. அந்தக் காரைப் பார்த்தாலும் புரட்டுது. அதைக் கட்டின கையை வெந்நீர்ல முக்கணும்!"

அவள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள். "ஏங்க, பெயின்ட்டை மட்டும் மாத்திக் குடுங்களேன். அடியில இருக்கறதை அப்படியே விட்டுடலாமே."

"அடியில என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லை. பழசு பழசாவே இருக்கட்டும்னு சொன்னேன்."

"பழசு வேற, பாழ் வேற. தொட்டா ஒழுங்கா செய்யணும், இல்லன்னா தொடக்கூடாது" என்று அவர் சட்டம் பேசிவிட்டுப் போனார். அவள் மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

முதலில் காரைப் பாலித்தீன் பையில் கட்டி ஃப்ரீசரில் பட்டாணிக்குப் பக்கத்தில் படுக்கவைத்தார். குளிரில் பழைய பசை முறுகிப்போய், லேசாக நெம்பினால் பாகங்கள் படக்கென்று விட்டுக்கொள்ளும். பிறகு உடல் பாகத்தைப் பிரேக் ஆயிலில் ஊறப் போட்டார். சிவப்பு நொதநொதவென்று உரிந்து வந்தது, எறும்பும் விடுதலையானது. பழைய பல்பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, மேஜை விளக்கடியில் பிடித்துப் பார்த்தவர் "ஐயே!" என்று கத்தியேவிட்டார்.

கூரை முழுக்கக் கைரேகை. பானட்டில், கதவுகளில், எங்கே பார்த்தாலும் ரேகை. டியூப் பசை பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் உருக்கித்தான் ஒட்டும். அது காய்வதற்குள் விரல் பட்டால் ரேகை அச்சாகவே இறங்கிவிடும், எண்ணெயில் ஊறவைத்தாலும் அசையாது. கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். எல்லாம் பொடி விரல்கள், கோடுகள் நெருக்கி நெருக்கி ஓடின. கூரை நடுவில் ஒரு குட்டிக் கட்டைவிரல் தெளிவாகப் பதிந்திருந்தது. அதன் குறுக்கே சாய்வாக ஒரு கோடு. அரம் பட்ட கீறலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"இங்க வாயேன்!" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். "எந்த வாண்டோ பசையோட பசையா விளையாடியிருக்கு. உங்கப்பா அதை மறைக்கத்தான் இவ்வளவு பெயின்ட்டை அப்பியிருக்காரு. பார்த்தியா அசிங்கத்தை?"

அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "நல்லாத் தெரியுதே" என்றாள். "இத்தனை வருஷம் கழிச்சும் நல்லாத் தெரியுது."

"தெரியுது, தெரியுது. நாளைக்குத் தெரியாது பாரு."

"எல்லாத்தையுமா எடுப்பீங்க?"

"எடுக்காம பின்னே?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் தண்ணீரில் நனைத்த உப்புத்தாளைக் கையில் எடுத்துவிட்டார். அவள் போய்விட்டாள்.

தேய்த்தார். ஆழமாக இறங்கியிருந்த இடங்களில் பட்டிப் பசை வைத்து அடைத்து, காய்ந்ததும் மறுபடி தேய்த்தார். கதவு முடிந்து பானட், பானட் முடிந்து கூரை. தலைகீழாகக் கவிழ்த்து, ஒருவர் கண்ணிலும் படாத உள்கூரையில் இருந்த ஒன்றைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. மனுஷன் அப்படி ஒரு சுத்தம். பிறகு சிவப்பை ஸ்ப்ரேயில் மெல்லிசாக மெல்லிசாக அடித்து, ஜன்னலுக்குப் புதுப் பிளாஸ்டிக் வெட்டி வைத்து, சக்கரங்களை நேர்ப்படுத்தி முடித்தபோது, காரின் கூரையில் மேஜை விளக்கு முகம் பார்த்தது. அவருக்குத் தன்மேல் ரொம்பப் பெருமையாக இருந்தது.

விழா நாள் காலையில் மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில் கூடத்தில் தயாராக உட்கார்ந்திருந்தார். கார் சாப்பாட்டு மேஜையில் மின்னியது. கண்ணாடிக்காரர் வழக்கம்போல மனைவியின் கண்ணாடியை எடுத்து ஊதினார். லென்ஸில் பனி படர்ந்து, அதில் கட்டைவிரல் ரேகை துலக்கமாக எழும்பியது. குறுக்கே சாய்வாக ஒரு கோடு.

துடைக்கப்போன கை நின்றுவிட்டது. தினமும் பார்த்த கோடுதான், ஆனால் ஒருநாளும் அதைப் பார்ப்பதற்காக அவர் பார்த்ததில்லை. இதே கோட்டை, இதே சாய்வில், பாதி அளவில், பூதக்கண்ணாடிக்கு அடியில் பார்த்திருந்தார். பார்த்துவிட்டுத்தான் தேய்த்திருந்தார்.

கண்ணாடியோடு சமையலறைக்கு ஓடினார்.

"உன் கட்டைவிரலைக் காட்டு."

ஈரக்கையை நீட்டினாள். கட்டைவிரலின் குறுக்கே அந்தக் கோடு, சிறு வயதில் தகர மூடி கிழித்த தழும்பு.

"நீதான் கட்டினியா?"

"ம்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?"

"ஒரு தடவை சொன்னேன். அப்பாவுக்குக் கப்பு குடுத்தப்ப, மேடைக்குக் கீழ நின்னு, அது நான் கட்டினதுன்னு கத்தினேன். எல்லாரும் சிரிச்சாங்க. அப்பாவும் சிரிச்சாரு. அதுக்கப்புறம் யார்கிட்டயும் சொல்லல." தட்டைத் துடைத்து அடுக்கியபடியே பேசினாள். "என் கைதான் அதுல இருக்கே, என்னிக்காவது யாராவது பெயின்ட்டைச் சுரண்டினா தானாத் தெரியும்னு இருந்தேன். நீங்க சுரண்டினீங்க. பார்த்தீங்க. அசிங்கம்னீங்க."

கண்ணாடிக்காரர் கண்ணாடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். கூடத்துக்குப் போனார்.

"மாமா, இந்தக் காரைக் கட்டினது யாரு?"

மாமனார் பல்லிடுக்கிலிருந்து இடுக்கியை எடுத்தார். "ஒட்டுனது பாப்பாதான். அதுக்கென்ன இப்ப? பெயின்ட் அடிச்சது நான். ஏழு வயசுப் பொட்டப்புள்ள கட்டுச்சுன்னா எவன் கப்பு குடுப்பான்?" இடுக்கி நுனியில் வந்ததை உற்றுப் பார்த்துவிட்டுச் சட்டையில் படாமல் சோபா ஓரத்தில் துடைத்தார். "இப்ப பெயின்ட்டும் உங்களுதாப் போச்சு. பரவாயில்ல, நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல."

அந்த மனிதர்மேல் கண்ணாடிக்காரருக்கு அருவருப்பு பொங்கி வந்தது. காரை வெடுக்கென்று எடுத்தார். "இது எங்கயும் போகாது. இதுல உங்க பேரை எழுதி வைக்க விடமாட்டேன்."

"என்னடா இது வம்பாப் போச்சு! பாப்பா, உன் வீட்டுக்காரரை என்னன்னு கேளு!"

கண்ணாடிக்காரர் காதில் எதுவும் ஏறவில்லை. காரைக் கவிழ்த்தார், வெளிச்சத்தில் சாய்த்தார், நகத்தால் உள்கூரையைத் தடவினார். எங்காவது ஒரு மூலையில், ஒரு விரலில் கால்வாசியாவது மிச்சம் இருக்காதா? வழுவழுவென்று இருந்தது. அவ்வளவு நேர்த்தியான வேலை. மாமனாராவது பெயின்ட்டைப் பூசி மூடித்தான் வைத்தார். வழித்தே எடுத்தது யார்? அருவருப்பு அப்படியே திரும்பி வந்து அவர் மேலேயே விழுந்தது.

மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள். "குடுத்துடுங்க" என்றாள்.

"உன் காரு இது!"

"முந்தி என் காரு. இப்ப அதுல என்னோடது எதுவும் இல்ல. எடுத்துட்டுப் போகட்டும்."

மாமனார் காரை அவர் கையிலிருந்து வாங்கிப் பிஸ்கட் டின்னில் வைத்து, இடுக்கியை மேஜையில் போட்டுவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார். கூடத்தில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். கண்ணாடிக்காரர், இடது கையில் இன்னும் அவள் கண்ணாடி இருப்பதைப் பார்த்தார். ஏதாவது ஒன்றைச் சரியாகச் செய்துவிடலாம் என்றோ என்னவோ, வாயருகே கொண்டுபோய் ஊதி, சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்தார்.

அவள் எட்டி வந்து கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வேண்டாம். இதையாவது விட்டு வைங்க."