பாங்குக்கு முன் சாப்பிட்ட சோறு

கிருஷ்ணகிரி பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அன்று காலை நான்கு பேர் இருந்தார்கள். கதவோரப் பெஞ்சில் பஷீர் அஹமது. அவனை ஒட்டி, மடியில் தூக்குவாளியோடு அவன் மனைவி ஃபகருன்னிசா. எதிரே ஸ்டூலில், ஓசூர் வார்ப்படக் கம்பெனியில் அவனோடு உலையில் நிற்கும் ஆஞ்சப்பன். ஜன்னலடி மேசையில், புதிதாக வேலைக்கு வந்திருந்த ஜோதியம்மாள், ஊசியும் கண்ணாடிக் குழாயுமாக.

பஷீருக்குச் சர்க்கரை. மயங்கி உலைப்பக்கம் விழுந்துவைப்பான் என்று கம்பெனி அவனை வீட்டில் உட்கார வைத்திருந்தது. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை அடங்கியிருப்பதாகச் சீட்டு வந்தால்தான் மறுபடி வேலை. இரண்டு முறை எடுத்தாயிற்று. இரண்டு முறையும் எகிறிக் கிடந்தது. டாக்டர் மாத்திரையை இரட்டிப்பாக்கினார். இன்று சாயங்காலத்துக்குள் சீட்டு போகாவிட்டால் அவன் இடத்துக்கு வேறு ஆள்.

ஜோதியம்மாள் அவன் புஜத்தில் ரப்பரைக் கட்டிக்கொண்டே, ராத்திரி எப்போது சாப்பிட்டது என்று கேட்டாள். முன்பு ரத்தம் எடுத்தவர் கேட்காத கேள்வி.

ஃபகருன்னிசா பெருமையாகவே சொன்னாள். "ராத்திரி எதுக்கும்மா? நோன்புக்கு எழுப்பற மாதிரி விடியக்காலப் பாங்குக்கு முந்தி எழுப்பி வயிறு நெறைய சோறு போட்டேன். மாத்திரையும் அப்பவே முழுங்கிட்டாரு. அதுக்கப்புறம் பச்சத்தண்ணி தொடல. மூணு தடவையும் அப்பிடித்தான்."

ஜோதியம்மாள் ரப்பரை அவிழ்த்துவிட்டாள். "அது நோன்பும்மா. இதுக்கு ராத்திரி சோத்தோட நிறுத்திக்கணும்."

பஷீர் சுவரைப் பார்த்தான். மீசை முளைக்கும் முன்பே நோன்பு பிடித்தவனுக்குப் பட்டினி கிடக்கத் தெரியாதா என்று ஆஞ்சப்பனிடம் சவடால் பேசியவன் அவன்தான். ஆக, அந்த இரண்டு சீட்டும் பொய். பொய்ச் சீட்டை நம்பி ஏற்றிய மாத்திரை மட்டும் நிஜமாக வயிற்றுக்குள் கிடந்தது.

இப்போதே எடுங்கள் என்று கெஞ்சினான். பழையபடி கூடுதலாகத்தான் வரும் என்றாள் ஜோதியம்மாள். அப்படியானால் மதியம் தாண்டி எடுங்கள், அதுவரை இப்படியே இருக்கிறேன் என்றான். இரட்டை மாத்திரையோடு அது ஆகாது, சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும் என்று அவள் சொன்னது அவன் காதில் ஏறவில்லை.

வெயில் ஏறியது. முதலில் விரல் நடுங்கியது. பிறகு சட்டை தொப்பலாக நனைந்தது. ஃபகருன்னிசா தூக்குவாளியைத் திறந்தாள். அவள் கையைத் தட்டிவிட்டான்.

"வேல போயிடும்டி."

"பாய், உலைல உழுந்துடுவன்னுதான் கம்பெனிக்காரன் பயந்துகினு இருக்கான். நீ இங்கியே உழுந்து காட்டப்போறியா?" என்றான் ஆஞ்சப்பன்.

பஷீர் சிரிக்கப் பார்த்தான், வாய் கோணியது. ஆஞ்சப்பன் இரண்டாகத் தெரிந்தான். சரிந்தவனை ஃபகருன்னிசா தோளில் தாங்கிக்கொள்ள, ஜோதியம்மாள் டீக்கு வைத்திருந்த சீனியைக் கரைத்துக் கொஞ்சங்கொஞ்சமாகப் புகட்டினாள். இனிப்பு தொண்டைக்குள் இறங்கியதும் அவனுக்குப் புரிந்துவிட்டது, இன்றைய சோதனை போயிற்று. விழுங்கிக்கொண்டே அழுதான்.

நிதானம் வந்ததும் காகிதம் வாங்கி, மேலாளருக்கு நடந்ததை வரிசையாக எழுதினான். மயக்கத்தை எழுதாதே, அதைத்தானே அவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆஞ்சப்பன் தடுத்தான். அதை விட்டுவிட்டால் மாத்திரை கூடிப்போனதற்குச் சாட்சி ஏது? எழுதினான். ஒரே ஒரு நாள் தவணை கொடுங்கள் என்று கடைசியில் கேட்டிருந்தான்.

பசை இல்லை. ஃபகருன்னிசா தூக்குவாளியிலிருந்து நாலு பருக்கை எடுத்து நசுக்கி உறையை ஒட்டினாள். வெளியே இரண்டாம் ஷிப்ட் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஆஞ்சப்பன் கடிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடிப்போய் ஏறினான்.