எட்டுத் தட்டல்கள்

அச்சகத்துக் கடிகாரங்களைப் பராமரிக்கும் வலியுல்லா எட்டு மணிக்கு உள்ளே நுழைந்தபோது, பைண்டிங் பகுதி முனியம்மாள் அவன் மேஜைக்கு எதிரே இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள்.

"இன்னா சாயபு, உன் கடியாரத்துக்கு என் மேல இன்னா கோவம்? மாதா கோயில் மணி ஏழு அடிக்கசொல்ல நான் கேட்டுக்குள்ள நிக்கிறேன். கேட்டு கடியாரம் ஏழு நாலுங்குது. மூணு செவப்புக் கோடு ஆச்சு, கோட்டுக்கு அரை நாள் கூலி போச்சு. இன்னொண்ணு விழுந்தா சீட்டு கிழிஞ்சுடும்."

அவன் சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தான். தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டான். ஒரு நொடிகூடப் பிசகில்லை. மயிலாப்பூரில் அந்த அச்சகத்தில்தான் அப்படியொரு ஏற்பாடு இருந்தது. மாடியில் மானேஜர் அறையில் தாய்க் கடிகாரம். அது அரை நிமிடத்துக்கு ஒருமுறை கம்பி வழியே ஒரு மின்துடிப்பை அனுப்பும். கட்டடம் முழுக்க ஏழு கடிகார முகங்களும் ஒரே சமயத்தில் 'டொக்' என்று ஒரு தட்டல் தட்டி முள்ளை நகர்த்தும். தானாக ஓட அவற்றுக்குத் தெரியாது. ஒன்று மட்டும் முந்த வழியே இல்லை. ஆகவே முனியம்மாள் பொய் சொல்கிறாள் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. ஆனாலும் மனம் கேட்காமல் மாடிக்குப் போனான்.

மானேஜர் ஸ்ரீனிவாசராகவன் அச்சகத்து மாடியிலேயே குடியிருப்பவர். முனியம்மாள் சொன்னதை அவன் சொன்னபோது, யுத்த ஆர்டர்கள் குவிந்து கிடந்த மேஜையிலிருந்து அவர் தலை தூக்கவில்லை.

"தாய்க் கடிகாரத்துப் பெட்டிக்கு எத்தனை சாவி?"

"ரெண்டு சார். ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு எங்கிட்ட."

"அப்போ கடிகாரத்தை யாரோ தொடறான்னு நீ சொன்னா, யாரைச் சொல்றேன்னு யோசிச்சுண்டு சொல்லு. நீ வந்து மூணு மாசந்தானே ஆறது?"

இறங்கும்போது சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். வேலை நிரந்தரமாகிவிட்டதா என்று ஆம்பூரிலிருந்து அம்மா அன்வரி பேகம் எழுதிய கடிதம் அதில் பதிலில்லாமல் கிடந்தது. பெட்டிக்குள் ஒரு பித்தளைப் பொத்தான் உண்டு. கரெண்ட் நின்று வந்தால், பின்தங்கிய முகங்களைக் கையால் முன்னே தள்ள. அதை அழுத்துகிறவன், பிறகு முந்தின அளவுக்குத் துடிப்பை நிறுத்தி வைத்தால் போதும். எட்டு மணிக்கு அவன் வரும்போது எல்லாம் சரியாக இருக்கும்.

படிக்கட்டடியில் முனியம்மாள் காத்திருந்தாள். அவன் இடுப்பு வாரில் தொங்கிய சாவியையே பார்த்தாள்.

"அந்தப் பொட்டி சாவி இதானா? அப்போ நீதான் பண்றியோ?"

அவன் சாவியை அவிழ்த்தான்.

"நாளைக்குக் காலையில வரைக்கும் இது உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா. ஆறரைக்கே கேட்டுக்கு வாங்க. நானும் வரேன்."

"நல்லா ஆளு புடிச்ச. சாவி காணோம்னு நாளைக்கு என்னிய உள்ள தள்ளவா?" என்றாள். ஆனால் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் இருவரும் கேட்டுக் கடிகாரத்தின் கீழே, ஒருவரை ஒருவர் நம்பாமல் நின்றார்கள். சாவி அவள் உள்ளங்கையில் இருந்தது. காவலாள் வேலு வருகைப் பதிவேட்டை விரித்து வைத்துவிட்டுக் கொட்டாவி விட்டான். டொக். வலியுல்லா மனதுக்குள் முப்பது எண்ணினான். டொக். மறுபடி முப்பது. டொக். மணி ஆறு ஐம்பத்தாறு. ஒன்று, இரண்டு, மூன்று...

டொக். டொக். டொக்டொக். டொக். டொக். டொக். டொக்.

எட்டு. முள் துள்ளித் துள்ளி ஏழில் போய் நின்றது. மற்றச் சாவி மாடியில்தான் இருந்தது.

"வேலண்ணே, கேட்டீங்களா?" என்றான் வலியுல்லா.

"எத்த? அதுவா? அது தெனம் காலையில அப்டித்தான் இருமும். மிசினுதானே," என்று சொல்லிவிட்டு வேலு சிவப்பு மையில் பேனாவைத் தோய்த்தான்.

வெளியே கால்வாய்ப் பக்கமிருந்து பைண்டிங் பகுதி சுலோச்சனாவும் இன்னும் நான்கு பெண்களும் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு, நேரம் இருக்கிற நடையில் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கேட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்தபோதுதான் மாதா கோயில் மணி ஏழு அடிக்கத் தொடங்கியது. கேட்டுக் கடிகாரம் ஏழு நாலு காட்டியது.

மாடிக் கதவு திறந்தது. படிகளில் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. பாதியில் நின்றது.

"வலியுல்லா, இத்தனை காலங்கார்த்தால இங்கே என்ன பண்றே? உன் சாவி எங்கே?"

அவன் முனியம்மாள் பக்கம் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. சாவியின் பற்கள் உள்ளங்கையில் பதிய, விரல்களை இன்னும் இறுக்கிக்கொண்டு, மானேஜரைப் பார்த்தபடி அந்தக் கையை மேலே தூக்கினாள்.