வாசலில் அடுக்கிய கட்டுகள்

கயிற்றை வெட்டியதும் புல்லுக்கட்டிலிருந்து சாம்பல் நிறப் பூஞ்சணம் எழும்பி விமலராணியின் முகத்தில் அப்பியது. நனைந்த சாக்கும் செத்த எலியும் சேர்ந்த நாற்றம். நகரத்துப் பிரான்காச்சோவிலிருந்து முதல் பஸ்ஸில் இந்த மலைக் கொட்டிலுக்கு வந்தவளின் தலைமயிரில், விடியும் முன்பே அது ஊறிவிட்டது.

குளிர்காலத்தில் மேயவிட்டால் மலைச்சரிவின் புல் வேரோடு போய்விடும். அதற்காகச் செம்மறிகளைக் கொட்டிலில் அடைத்துக் காய்ந்த புல் போட, முதலாளிக்கு அரசாங்க உதவி வந்தது. அவர் நல்ல புல்லை விற்றுவிட்டு, மழையில் ஊறியதை இங்கே இறக்கினார். வாசலில் மட்டும், பார்க்க வரும் அதிகாரிகளுக்காகப் பச்சை மாறாத கட்டுகள் சுவர்போல நின்றன. அவற்றில் எவரும் கைவைக்கக் கூடாது.

மூலையில் ஒரு செம்மறி நாள் நிரம்பாத குட்டியை ஈன்றிருந்தது. தோல் மூடாத அந்தச் சிவப்பைக் கூட வேலை செய்யும் கனகேஸ்வரி வாளியில் அள்ளினாள். இருமித் துப்பினாள். கறுப்பாக விழுந்தது.

"பாத்தியே ராணி, எனக்குள்ளையும் பூஞ்சணம் முளைக்குது."

"சிரிக்கப் பண்ணாதேங்கோ அக்கா, வாயைத் திறந்தால் உள்ளை போயிடும்" என்றான் மூன்றாவது வேலையாள் ஏர்னஸ்ற்.

முதலாளி சால்வையால் மூக்கைப் பொத்தியபடி வந்தார்.

"சின்யோர், இது ஆகாது. குட்டிகள் சாகுது" என்றாள் விமலராணி, தெரிந்த இத்தாலிய மொழியில்.

"பசித்தால் தின்னும். உங்கள் நாட்டுப் போரில், அகதி முகாமில் நீங்களே இதைவிட மோசமானதைத் தின்றீர்களாமே?"

அது, அவருடைய மனைவியிடம் விமலராணி ஒருநாள் மனம்விட்டுச் சொன்னது.

"பிடிக்காவிட்டால் ஆடுகளை மலைக்கு ஓட்டு."

"மலையையும் அழிச்சால் வாற வருசம் ஆடுமில்லை, வேலையுமில்லை."

"இந்த நாட்டில் தங்க உன் பெர்மெஸ்ஸோவுக்கு, அந்த அனுமதிக்கு, என் கையெழுத்து வேண்டும். அதை நினை."

முகாமில் புழு நெளிந்த சோற்றைக் கண்ணை மூடி விழுங்கியவள் அவள். எதையும் விழுங்கப் பழகிவிட்ட தன் தொண்டையையே அவள் அருவருத்தாள்.

"ஓம் சின்யோர், திண்டனாங்கள். அதாலைதான் இந்த நாத்தம் எனக்குத் தெரியும்."

நேரே வாசலுக்குப் போனாள். கத்தியை நல்ல கட்டின் கயிற்றில் வைத்து இழுத்தாள். வெயிலில் காய்ந்த புல்லின் மணம் கொட்டிலுக்குள் பரவ, செம்மறிகள் ஒன்றாகக் கத்தின.

"ஒரு பக்கம் பிடியுங்கோ அக்கா" என்று ஏர்னஸ்ற் ஓடிவந்தான்.

"நாளைக்கு எவரும் வரத் தேவையில்லை!" முதலாளி கத்தினார்.

"வருவம், மூண்டு பேரும்" என்றாள் விமலராணி. "பூஞ்சணக் கட்டுகளை வாசலிலை அடுக்கிப்போட்டு மேலை இருப்பம். பாக்க வாற ஆக்கள் பாக்கட்டும்."

முதலாளியின் சால்வை மூக்கிலிருந்து நழுவியது. கனகேஸ்வரி வாளியை அவர் காலடியில் வைத்துவிட்டு, இருமிக்கொண்டே கை நீட்டினாள்.

"கத்தியைத் தா ராணி. அடுத்ததை நான் வெட்டுறன்."