பக்கையின் கண்

தேங்க்ஸ்கிவிங் விருந்துநாளுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை காலை. துணிக்கடை வேலைக்குக் கிளம்பிய மனைவி பாலெட்டின் கார் சத்தம் தெருமுனையில் தேய்கிறவரை காத்திருந்துவிட்டு, ஹார்லன் ரீஸ் மிக்சியை எடுத்துச் சமையல் மேடையில் வைத்தார்.

நாளை நண்பகலில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். எதிரே வடக்கு மாநிலத்து அணி. இந்த வாரம் முழுக்க ஓஹையோவில் யாரும் அந்த மாநிலத்தின் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். 'வடக்கே இருக்கிற அந்த டீம்' என்பார்கள், அவ்வளவுதான். ஹார்லன் தன்னார்வலராக இருக்கும் தீயணைப்பு நிலையத்தில் எல்லோரும் கூடி ஆட்டம் பார்ப்பார்கள். ஆளுக்கொரு தின்பண்டம் கொண்டுவருவார்கள். ஹார்லனின் பங்கு எப்போதும் ஒரு தட்டு பக்கை.

பக்கை என்பது இங்கே தெருவுக்குத் தெரு நிற்கும் மரத்தின் கொட்டை. பளபளக்கும் பழுப்பு நிறம், ஒரு பக்கத்தில் மட்டும் வெளிறிய வட்டக் கண். மிட்டாயும் அதே உருவம்தான். நிலக்கடலை வெண்ணெயையும் பொடித்த சர்க்கரையையும் சாதாரண வெண்ணெயோடு பிசைந்து உருட்டி, உருகிய சாக்லேட்டில் முக்கால்வாசி முக்கி எடுத்தால், முங்காத இடம் கண்ணாக நிற்கும்.

இந்த வருடம் அந்தத் தட்டு ஹார்லனுக்கு வேறு விஷயமாகிவிட்டது. வசந்த காலத்தில் டாக்டர் அவருக்குச் சர்க்கரை என்று சொன்னார். சொன்னதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அதை நிலையத்தில் போய்ச் சொன்னதுதான் தப்பு. அக்டோபரில் நடந்த பொது விருந்தில், எல்லோரும் வரிசையில் நின்று அள்ளிக்கொண்டிருக்கும்போது அவருக்கு மட்டும் தனித் தட்டு வந்தது. செலரிக் கீரைத் தண்டும் அவித்த முட்டையும். அதன் மேல் பல்குத்தியில் குத்திய ஒரு காகிதக் கொடி: 'ஹார்லனுக்கு.' நல்ல மனசோடுதான் செய்தார்கள். அவருக்கு அந்தக் கொடியை விழுங்கிவிடலாம் போலிருந்தது.

நாளை அப்படி நடக்கக் கூடாது. எல்லோரும் எடுக்கிற தட்டிலிருந்து, எல்லோரையும் போல, யாரும் திரும்பிப் பார்க்காமல் அவரும் ரெண்டு எடுத்துத் தின்ன வேண்டும். அதற்குத் தட்டு முழுக்கவும் அவர் தின்னக்கூடியதாக இருக்க வேண்டும். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது.

வறுத்த கடலையைக் கொட்டி மிக்சியை ஓட்டினார். முதலில் மணல் போல உதிர்ந்தது. பிறகு ஈரமண். பிறகு ஒரே உருண்டையாகச் சுருண்டு, பாத்திரத்தின் சுவரில் மோதி மோதிச் சுற்றியது. முதல்முறை அரைப்பவர்கள் இந்த இடத்தில்தான் பயந்து எண்ணெயையோ தண்ணீரையோ ஊற்றிவிடுவார்கள். ஒன்றும் ஊற்ற வேண்டியதில்லை. கடலைக்குள்ளேயே எண்ணெய் இருக்கிறது. சூடும் அடியும் சேர்ந்து அதைக் கறந்துவிடும். காத்திருப்பது மட்டும்தான் வேலை. ஹார்லனுக்கு அந்த ஒரு வேலைதான் வராது. ஜன்னலுக்கும் மேடைக்கும் நடந்தார், மிக்சியின் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார், மறுபடி நடந்தார். ஒரு நொடியில் அந்த உருண்டை தளர்ந்து, மினுங்கிக்கொண்டு வழிந்தது.

சர்க்கரைக்குப் பதிலாகப் பேரீச்சம்பழத்தை மசித்துச் சேர்த்தார். உருட்டி வைத்தால் ஒவ்வொன்றும் மெல்லச் சப்பையாகிச் சாய்ந்தது.

வாழ்நாள் முழுக்க வீடுகளின் வெப்பமூட்டிகளைப் பழுதுபார்த்த மனுஷர் அவர். ஒரு பாகத்தைக் கழற்றினால், அது என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று முதலில் கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். பொடித்த சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. எண்ணெயைக் குடித்து உருண்டையை நிமிர்த்தி வைத்திருந்ததும் அதுதான். அந்த இடத்தில் வேறொரு உலர்ந்த பொடி வேண்டும். ஓட்ஸை வாணலியில் வாசம் வரும்வரை வறுத்துப் பொடித்துப் போட்டார். உருண்டை நின்றது.

நின்றதே தவிர, நிறம் கெட்டுவிட்டது. பேரீச்சம்பழத்தின் கறுப்பேறி, கண் சேற்று நிறத்தில் இருந்தது. இதைக் கொண்டுபோய் வைத்தால் கதவைத் திறக்கும்போதே மாட்டிக்கொள்வார். பழத்தைக் குறைத்தால் இனிப்புப் போதாது. கூட்டினால் நிறம் கறுக்கும். வெளுப்பாகவும் இருக்க வேண்டும், தானாகவே கொஞ்சம் தித்திக்கவும் வேண்டும். அப்படி என்ன இருக்கிறது?

கடைக்கு ஓடினார். அலமாரி முன்னால் நின்றதும் பளிச்சென்று தோன்றியது: முந்திரி.

பொட்டலத்தைக் கையில் எடுத்தபோதுதான் மனசுக்குள் ஒரு நமைச்சல் தொடங்கியது. எதையோ மறந்துவிட்டோம். அடுப்பை அணைத்தோமா? காலை மாத்திரை போட்டோமா? வீட்டுக்கு வந்து அடுப்பைப் பார்த்தார்; அணைந்துதான் இருந்தது. மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தார். வெள்ளிக்கிழமைக் கட்டம் காலி. பின்கதவைப் பார்த்தார். நமைச்சல் போகவில்லை.

பாதிக் கடலை, பாதி முந்திரி, கொஞ்சமே கொஞ்சம் பழம். அரைத்துப் பிசைந்ததும் அவரே அசந்துபோனார். அசல் பக்கையின் கண்ணுக்குரிய அதே வெளிறிய மண் நிறம். முந்திரி தன்னை எங்கேயும் காட்டிக்கொள்ளவில்லை. நாக்கில் கடலைதான் நின்றது.

சாக்லேட்டில் மட்டும் ஒருமுறை அடிபட்டார். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்துக் சர்க்கரை சேர்க்காத கறுப்புச் சாக்லேட்டை உருக்கியபோது, அவசரத்தில் ஈரக் கரண்டியை விட்டுவிட்டார். வழவழவென்று இருந்தது சடாரென்று திரிந்து, தார் போலக் கட்டியாகிவிட்டது. சாக்லேட் என்பது கொழுப்புக்குள் பரவி நிற்கும் உலர்ந்த பொடிதான். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் பொடியெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கிண்ணத்தைத் துடைத்து, கரண்டியைத் துடைத்து, கையைச் சட்டையில் துடைத்து, புதிதாக உருக்கினார். குளிர்ந்த உருண்டைகளைப் பல்குத்தியில் குத்தி முக்கினார். குத்திய துளையை விரல்நுனியால் தடவி மூடினார்.

சாயங்காலம் பாலெட் உள்ளே வந்ததும் மூக்கை உறிஞ்சினாள். "வீடே மணக்குதே! டாக்டர் சொன்னதெல்லாம் காத்துல விட்டாச்சா?"

"இது வேற. சர்க்கரை கிடையாது. பேரீச்சம்பழம்."

"அது மட்டும் என்ன பாவக்காயா?"

"கொஞ்சந்தான் போட்டேன். ரெண்டுக்கு மேல தொடமாட்டேன்."

அவள் ஒன்றைக் கடித்தாள். புருவம் மேலே போனது. "நல்லாத்தான் இருக்கு, ஹார்லன். நெஜமாவே நல்லாருக்கு. அங்க போய்ச் சொல்லு, நானே செஞ்சேன், இன்னின்ன போட்டேன்னு."

"சொன்னா அடுத்த வருஷமும் கொடி குத்துவானுங்க."

"நீயும் உன் கொடியும்" என்று அவள் செருப்பைக் கழற்றப் போனாள். ஹார்லன் மறுபடி அடுப்பைப் பார்த்தார்.

மறுநாள் நிலையத்தில் தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது. ஹார்லன் தட்டை நீள மேசையின் நடுவில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் தானாக ஆடியது. நிலையத்தின் கேப்டன் வெஸ் டாக்கெட் ஒன்றை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். ஹார்லன் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா முறைக்கிற? எண்ணித்தான் வச்சிருக்கியா?"

"இல்லடா. நீ தின்னு."

"இந்த வருஷம் கை நல்லாக் கூடியிருக்கு. போன வருஷம் பல்லுல ஒட்டுச்சு." வெஸ் இன்னொன்றை எடுத்துக்கொண்டு திரையை நோக்கித் திரும்பினார். "டேய், பந்தைப் புடிங்கடா! கையில வெண்ணெயா தடவியிருக்கீங்க?"

ஹார்லன் மெல்லக் கையை நீட்டி ஒன்றை எடுத்தார். யாரும் பார்க்கவில்லை. கடித்தார். ஒருவர்கூடத் திரும்பவில்லை. அக்டோபரிலிருந்து அவர் ஏங்கியது இந்த அலட்சியத்துக்குத்தான். முழங்கால் ஆட்டம் நின்றது.

அப்போது பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு, நிலையத்திலேயே வயதில் சின்னவளான ட்ரினா வந்தாள். ஆம்புலன்ஸ் வேலை முடிந்து நேராக வருகிறாள். தோளில் அவளுடைய சாப்பாட்டுப் பை. எந்த விருந்துக்கும் அவள் தன் சாப்பாட்டைத் தானே கொண்டுவருவாள்.

"ஸ்கோர் என்ன? யாரும் சொல்லாதீங்க, முதல்ல பக்கை" என்றபடி மேசைக்கு வந்தாள். "எல்லார் தட்டையும் விசாரிச்சு விசாரிச்சு வாய் வலிக்குது. கண்ணை மூடிட்டு எடுக்கிறது இது ஒண்ணுதான்."

கேட்க வேண்டிய அவசியமே இல்லாத பண்டம் அது. கடலை, வெண்ணெய், சர்க்கரை, சாக்லேட். ஓஹையோவில் பிறந்த எந்தப் பிள்ளையும் சொல்லும். நிலக்கடலை ட்ரினாவுக்கு ஒன்றும் செய்யாது. அது அவரை இனம், மரக்கொட்டை இல்லை. ஆனால் போன வருடக் கோடையில் யாரோ கொடுத்த பிஸ்கட்டைக் கடித்து அவள் தொண்டை வீங்கியபோது, தொடையில் ஒவ்வாமைக்கான ஊசியை இறக்கியதே ஹார்லன்தான். அந்த பிஸ்கட்டில் இருந்தது முந்திரி.

நமைச்சல் சட்டென்று நின்றது. அது அடுப்பு இல்லை. மாத்திரை இல்லை.

அவள் விரலில் பக்கை இருந்தது. உதட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"போடு கீழ!" ஹார்லன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. "போடு பாப்பா! முந்திரி இருக்கு!"

அவள் அனலைத் தொட்டவள் போலக் கையை உதறினாள். பக்கை தரையில் உருண்டது.

"உதட்டுல பட்டுச்சா?"

"இல்ல. இல்ல, படல." அவள் பின்னால் நகர்ந்து தொட்டிக்குப் போனாள். முழங்கையால் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தாள். மறுபடியும் தேய்த்தாள். ஹார்லன் ஊசிப் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றி வைத்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்றார், அவள் மூச்சைப் பார்த்தபடி.

யாரோ தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

"பக்கைல முந்திரியா?" என்றார் வெஸ். "எதுக்குடா?"

இனி மறைக்க ஒன்றுமில்லை. ஹார்லன் எல்லாவற்றையும் சொன்னார். சர்க்கரை இல்லாதது, பேரீச்சம்பழம், ஓட்ஸ், கண்ணின் நிறத்துக்காகப் போட்ட முந்திரி, பாலெட்டிடம் ஒப்புக்கொண்ட ரெண்டு கணக்கு, அதில் தின்று முடித்த ஒன்று. "எனக்குன்னு தனித் தட்டு வேணாம்னு நெனச்சேன். அவ்வளவுதான். இவளை நெனைக்கவே இல்ல."

வெஸ் கையிலிருந்த பாதிப் பக்கையைத் திருப்பிப் பார்த்தார். "ஓட்ஸா? அப்ப இவ்வளவு நேரமா நான் குதிரைத் தீனியையா தின்னுட்டிருக்கேன்?"

யாரோ சிரித்தார்கள். ட்ரினா சிரிக்கவில்லை. ஈரக் கையோடு ஹார்லன் முன்னால் வந்து நின்றாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? தனித் தட்டு எப்படி இருக்கும்னு என்கிட்டயா சொல்றீங்க? நான் அஞ்சு வயசுலேருந்து தனித் தட்டு."

ஹார்லன் தட்டை எடுத்துக் கடைசி மேசைக்குக் கொண்டுபோனார். ஒரு துண்டுக் காகிதத்தில் பெரிய எழுத்தில் 'முந்திரி' என்று எழுதி, பல்குத்தியில் கோத்து, நடுப் பக்கையின் கண்ணிலேயே குத்தினார். பிறகு சோப்புத் தண்ணீரும் துணியும் கொண்டுவந்து மேசையைத் துடைத்தார், தரையைத் துடைத்தார், கதவுக் கைப்பிடியைத் துடைத்தார். வெஸ்ஸையும் மற்றவர்களையும் வரிசையாகக் குழாய்க்கு அனுப்பினார். "கை கழுவாம எவனும் அவ பக்கத்துல போகக் கூடாது." திரையில் அவர்கள் அணி கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனபோது, பார்க்க அங்கே ஒருவரும் இல்லை.

எல்லாம் முடிந்து உட்கார்ந்தபோது, ஒரு நாற்காலி தள்ளி ட்ரினா தன் பையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய டப்பாவிலிருந்து ஒரு செலரித் தண்டை எடுத்து, அவரைப் பார்க்காமலே நீட்டினாள். ஹார்லன் வாங்கிக்கொண்டார்.

அறையின் அந்தக் கோடியிலிருந்து வெஸ் கத்தினார்: "டேய், ஒண்ணுதானே தின்ன? இன்னொண்ணு உன் கணக்குல இருக்கு. மூணாவதைத் தொட்டே, பாலெட்டுக்குப் போன் பண்ணிடுவேன்!"

இப்போது எல்லோரும் திரும்பி அவரைத்தான் பார்த்தார்கள். ஹார்லன் கையை ஆட்டி மறுத்துவிட்டு, செலரியைக் கடித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் முழங்கால் மறுபடி ஆடத் தொடங்கியது.

"பாப்பா, சூரியகாந்தி விதை உனக்கு ஒத்துக்குமா?"

"ஒத்துக்கும். ஏன்?"

"அடுத்த வருஷம் முந்திரிக்குப் பதிலா அதைப் போடலாம். ஆனா அரைச்சா சாம்பல் நிறம் வரும். கண்ணு சரியா அமையாது."

"அமையாட்டி என்ன," என்றாள் ட்ரினா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பார்த்தவுடனே வேறன்னு தெரியட்டும்."