நாற்பத்தேழாம் எண் வில்லை

கடற்படைக் கிடங்கின் மாடியறையில் அன்று காலை பத்தரை மணிக்குக் கூடியவர்கள் ஐந்து பேர். மேசையின் தலைப்பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே, ஓய்வுபெற்ற கமாண்டர்; புத்தகக் குழுவுக்குத் தலைவர். அவருக்கு வலப்பக்கம், கப்பலைக் கடைசியாக ஓட்டிய கேப்டன். இடப்பக்கம், கப்பலின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த பேராசிரியர். எதிரில் மூன்று நிறத்தில் மூன்று பேனாக்கள். கதவோரம், யாராவது முறைத்தால் உடனே எழுந்துகொள்ளத் தோதாக நாற்காலி நுனியில், கப்பலின் மெக்கானிக். ஜன்னல் பக்கம், வெளிச்சம் தாளில் விழும்படி இடம் பார்த்து உட்கார்ந்த தங்கை. அவளுக்குப் பக்கத்து நாற்காலி அண்ணிக்கென்று போட்டது. அண்ணி முட்டிவலியால் வரவில்லை. மேசையில் இடம் போதாமல் கப்பலின் வெண்கல மணியைத் தூக்கி அதில் வைத்திருந்தார்கள். ஆறாவது ஆள் மாதிரி அது சும்மா உட்கார்ந்திருந்தது.

தங்கை என்றால் கப்பலுக்குத் தங்கை. சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போய்வந்த அந்தப் போர்க்கப்பலுக்கு அவளுடைய அண்ணன் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். முப்பத்து மூன்று வருடமும் ஆண்டுவிழாவுக்கு அவளை அழைத்தார்கள். அவளும் தவறாமல் போனாள். "அண்ணன் எப்ப கரைக்கு வர்றார்?" என்றுதான் கேட்பாள். மாலுமிகளுக்கும் அது தொற்றிக்கொண்டது. "அண்ணனுக்கு இந்த மாசம் பெயின்ட் அடிக்கிறோம் அக்கா, ஆளே மாறிடுவார்" என்பார்கள். இப்போது அண்ணனுக்கு ஓய்வு. கொடி இறக்கியாயிற்று, அடுத்த மாதம் உடைக்கப் போகிறார்கள். மிஞ்சப் போவது, குடும்பத்துக்குத் தருவதாகச் சொன்ன மணியும் இந்தப் புத்தகமும்.

பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "'இருநூற்றுப் பதினொரு சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகச் சென்றது. ஒன்றைக்கூட இழக்கவில்லை. புயலில் கவிழ்ந்த படகுகளிலிருந்து முப்பத்தாறு பேரைக் கரைசேர்த்தது. அதற்கடுத்த ஆண்டு முழுவதும் தொடர் தயார்நிலையில் இருந்தது.'"

"அந்த வருஷம் விசிறித்தண்டு உடைஞ்சு கரையிலயே கெடந்தோமே சார்?" என்றார் மெக்கானிக்.

"அதைத்தான் தயார்நிலைன்னு போட்டிருக்கேன்."

"அப்ப எங்க மச்சானும் கல்யாணத்துக்குப் பத்து வருஷமா தயார்நிலையிலதான் இருக்கான்."

கேப்டன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கமாண்டரும் பெருந்தன்மையாகச் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை. கூட்டத்தின் குறிப்பை அவளே எழுதுவதாகக் கேட்டு வாங்கியிருந்தாள். தபால் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் பதிவுத்தபால் பிரிவில் வேலை பார்த்தவள். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். கோபத்தையும் அவள் அப்படித்தான் வைத்திருந்தாள்: நாள் போட்டு, வரிசை எண் போட்டு, கசங்காமல்.

அந்தக் கோபத்துக்கு வயது நாற்பது நாள்.

முப்பத்தெட்டு வருடம் முன்பு, பழைய கப்பல் ஒன்றில் அண்ணன் ஃபிட்டராக இருந்தார். ஏதோ மோதி அடித்தளத்தில் தண்ணீர் ஏறியது. எல்லாரையும் மேலே வரச் சொன்ன பிறகும் அண்ணன் யார் சொல்லும் கேளாமல் வேறு வழியாக இறங்கிப்போய் வால்வை மூடினார் என்றும், ஆள் கீழே இருப்பது தெரியாமல் அதிகாரி இரும்பு மூடியை அடைத்துவிட்டார் என்றும் விசாரணையில் பதிவாயிற்று. மறுநாள் கப்பலே மூழ்கியது. உடல் கிடைக்கவில்லை. மூடியை அடைத்த அந்த இளம் அதிகாரிதான் இந்தக் கமாண்டர். துக்கம் கேட்க வந்தவர், "இனிமே உனக்கு நான்தான் அண்ணன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த கப்பலுக்கு அண்ணன் பெயரை வைக்கச் சொல்லி எழுதியவரும் அவரே. ஊரெல்லாம் அவரைப் புகழ்ந்தது. தங்கையும் புகழ்ந்தாள்.

கொடி இறக்கிய நாளன்று மெக்கானிக் அவளைக் கப்பலின் அடித்தளம்வரை கூட்டிப்போனார். வழியில் தன் கழுத்தில் தொங்கிய, எண் பொறித்த பித்தளை வில்லையைக் காட்டினார். "அவசரத்துல கீழ இறங்குறவன் இதைக் கழட்டி, மூடிகிட்ட நிக்கிற அதிகாரி கையில குடுத்துட்டுத்தான் இறங்கணும் அக்கா. ஏறி வந்ததும் திருப்பி வாங்கிக்கணும்."

வீட்டுக்கு வந்து தங்கை பெட்டியைத் திறந்தாள். அண்ணனுடைய சாமான்களோடு வந்த பட்டியல் அவளிடம்தான் இருந்தது. சவரப் பெட்டி ஒன்று, சட்டை இரண்டு, கடிதக்கட்டு ஒன்று. ஏழாவது வரியில்: பித்தளை வில்லை, எண் 47, ஒன்று. கீழே கமாண்டரின் கையெழுத்து, வால் நீண்டு வளைந்து.

தானாக இறங்கியிருந்தால் வில்லை கழுத்தோடு கடலுக்குள் போயிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்திருக்கிறதென்றால், அண்ணன் அதைக் கையில் கொடுத்துவிட்டு இறங்கியிருக்கிறார். வாங்கியவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே மூடியை அடைத்திருக்கிறார். பிறகு பாக்கெட்டில் கிடந்ததைத் தூக்கி எறிய மனம் வராமல் சட்டைகளோடு சேர்த்துக் கட்டி, பட்டியலிலும் எழுதி அனுப்பிவிட்டார். ஒழுங்கான மனிதர்.

பேராசிரியர் அண்ணன் அத்தியாயத்தைப் படித்து முடித்தார். "குடும்பத்து சார்பா சம்மதம் வேணும்மா."

"அவன் எறங்குறதைப் பாத்திருந்தா காலைப் புடிச்சாவது நிறுத்தியிருப்பேன் தங்கச்சி" என்று கமாண்டர் பெருமூச்சு விட்டார்.

"ஒரு சந்தேகம் சார்" என்றாள் தங்கை. "கழுத்துல வில்லை போட்டிருக்காங்களே, அந்த வழக்கம் பழைய கப்பல்லயும் உண்டா?"

"உண்டாவா? அதைக் கொண்டுவந்தவனே நான்தான்!" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இறங்குறவன் வில்லை அதிகாரி கையில. கையில வில்லை இருந்தா ஆள் கீழ இருக்கான்னு அர்த்தம். இன்னைக்கு வரைக்கும் எல்லாக் கப்பல்லயும் அதுதான்."

"அருமையான விவரம்!" என்று பேராசிரியர் பச்சைப் பேனாவை எடுத்தார்.

"அன்னைக்கு மூடிகிட்ட நின்னது நீங்கதானே சார்?"

"நான்தான்."

"உங்க கையில அப்ப எத்தனை வில்லை இருந்துச்சு?"

மின்விசிறி இரண்டு மூன்று சுற்று சுற்றியது.

"ஒண்ணுமில்ல" என்றார் கமாண்டர். "இருந்திருந்தா மூடியிருப்பேனா?"

தங்கை எழுதினாள். எழுதியதை வாய்விட்டுப் படித்தாள். "வேற ஏதாவது சேக்கணுமா சார்?" என்று கேட்டாள். இல்லை என்றார். பக்கத்தைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்திவிட்டு மறுபடி கேட்டாள். இல்லை என்றார். பேனாவை நீட்டும்போது மூன்றாம் முறையும் கேட்டாள். இரக்கப்பட்டுக் கேட்கவில்லை. 'கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே' என்று நாளைக்கு அவர் சொல்ல வழி இருக்கக் கூடாது, அதற்காகக் கேட்டாள்.

அவர் பேனா தாளுக்கு மேல் நின்றது. நாற்காலியில் இருந்த மணியை ஒரு பார்வை பார்த்தார். மூன்று ஆண்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டார். வால் அதே மாதிரி நீண்டு வளைந்தது. கேப்டனும் பேராசிரியரும் சாட்சியாகக் கீழே போட்டார்கள். பேராசிரியர் கிடங்கு அலுவலகத்திலேயே நகல் எடுத்து வைத்துக்கொண்டு மூலத்தை அவளிடம் தந்தார்.

"அப்ப சம்மதம்?" என்றார்.

"அண்ணியைக் கேட்டுட்டுச் சொல்றேன்."

படியிறங்கும்போது மெக்கானிக் பின்னாலேயே வந்தார். "அக்கா, எதுக்கு அந்த வில்லையைப் பத்தி...?" அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டு, "பாத்து எறங்குங்க" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் அண்ணி காலை நீட்டிக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். "வாங்க நாத்தனாரே! மணி எங்க?"

"வண்டியில வரும். அண்ணி, இடுப்புல இருக்கிற சாவிக்கொத்தைக் கொஞ்சம் குடுங்க."

"எதுக்கு? வந்ததும் வராததுமா அலமாரியைக் காலி பண்ணவா?"

கொத்தில் நான்கு சாவிகளும் ஒரு பித்தளை வில்லையும் இருந்தன. அண்ணன் நினைவாக இருக்கட்டும் என்று சாமான்கள் வந்த அன்றே அண்ணி வளையத்தில் கோத்துக்கொண்டது. தேய்ந்து தேய்ந்து பொன்னாக மின்னியது. 47 மட்டும் ஆழமாக இருந்தது. தங்கை பட்டியலையும் கூட்டக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிதானமாக, ஒரு வரி விடாமல் சொன்னாள். விசாரணையை மறுபடி திறக்க மனைவி கையெழுத்திட்டு எழுத வேண்டும்; அது இல்லாவிட்டால் இத்தனையும் வெறும் காகிதம் என்றும் சொன்னாள்.

அண்ணி இரண்டு தாளையும் மடித்துத் தள்ளிவைத்தாள். பிறகு, "விட்டுடு" என்றாள். "அவர் சொல்லித்தான் எனக்கு நூலகத்துல வேலை கெடைச்சுது. வருஷம் தவறாம வந்து பாக்குறாரு. வயசாயிடுச்சு. இப்பப் போய் என்னத்தைக் கிளறுறது?"

"அண்ணன் சொல்பேச்சுக் கேக்காம செத்தார்னு புத்தகத்துல அச்சாகப் போகுது. பரவாயில்லையா?"

அண்ணி வில்லையை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். திடீரென்று விரல் நின்றது.

"நல்ல டம்ளரெல்லாம் அலமாரிக்குள்ளதானே இருக்கு" என்றாள் மெதுவாக. "அவர் வந்தா அதுலதான் தண்ணி குடுக்கணும்னு சாவியை எடுப்பேன். எடுத்ததுமே எழுந்திருவார். வேணாம்மா, கெளம்பறேம்மா. முப்பத்தெட்டு வருஷத்துல என் வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல. பெரிய மனுஷன், கூச்சம்னு நெனச்சேன்."

தங்கையின் வரிசையில் இல்லாத வரி இது.

"பாத்திருக்கான்" என்றாள் அண்ணி. 'அவர்' போய் 'அவன்' வந்திருந்தான். "ஒவ்வொரு தடவையும் பாத்திருக்கான்டி. பேனாவைக் குடு."

கடிதம் காலையிலேயே எழுதித் தயாராக இருந்தது. அண்ணி படிக்கக்கூட இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, கீழே தன் கோணல் எழுத்தில் தண்ணீர் விஷயத்தையும் நான்கு வரி சேர்த்தாள்.

"அவனுக்கும் ஒண்ணு அனுப்பு. வாசல்ல நின்னு கையெழுத்துப் போட்டு வாங்கணும்ல?"

"பதிவுத்தபால்னா போடணும். ஒப்புகை அட்டை வச்சா அந்தக் கையெழுத்து நம்மகிட்டயே திரும்பி வரும்."

"வை."

தங்கை ஒரு வெள்ளைத் தாளை வில்லையின்மேல் போட்டுப் பென்சிலால் மெல்லத் தேய்த்தாள். கருமைக்கு நடுவே வட்டமும் 47உம் வெள்ளையாக எழும்பி வந்தன. இன்னொன்றும் எடுத்தாள். விசாரணைப் பிரிவுக்கான உறையில் கடிதம், கூட்டக் குறிப்பு, பட்டியலின் நகல், தேய்த்தெடுத்த தாள் ஒன்று. வில்லை வீட்டிலேயே இருக்கட்டும். கேட்டால் நேரில் கொண்டுபோய்க் காட்டலாம். பேராசிரியருக்குச் சம்மதமில்லை என்று ஒரு அஞ்சலட்டை. கமாண்டருக்கான உறையில் கடிதமே இல்லை. பட்டியலின் நகல் ஒன்று, தேய்த்தெடுத்த தாள் ஒன்று, அவ்வளவுதான்.

தபால் நிலையத்தில் அவள் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் இப்போது ஒரு இளம்பெண். "என்ன மேடம், ரிடையர் ஆனப்புறமும் எங்களுக்கு வேலை வைக்கிறீங்களே!" என்றாள். எடை போட்டாள். "ரெண்டுக்கும் ஒப்புகை அட்டையா?"

"ரெண்டுக்கும்."

முதல் உறை போயிற்று. கமாண்டருக்கான இரண்டாவதன் மடிப்பில் தங்கை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பசை தடவினாள். மடித்தாள். ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தி நீவிவிட்டு, கண்ணாடிக்குக் கீழே தள்ளினாள். கவுன்டர் பெண் முத்திரையை ஓங்கி ஒரு குத்துக் குத்தி, உறையைப் பையில் போட்டாள்.