வாசல் வரிசை எருமைகள்

இருதயமேரியின் கணவர் ஆபிரகாம், டோம்பிவிலியில் வேலை முடிந்து திரும்பும்போது பம்பாய் லோக்கல் ரயிலிலிருந்து விழுந்து இறந்துபோனார். அது 1987 டிசம்பரில். பன்னிரண்டாம் நாள் அவள் வேலைக்குப் போய்விட்டாள். திலக் நகர் வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கும் செம்பூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதற்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இங்கே கைக்காவது வேலை இருந்தது.

ராஜலக்ஷ்மி என்ற மாட்டுங்காக்காரம்மா நடத்திய கம்ப்யூட்டர் சென்டர் அது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். மருந்துக்கடை ஸ்டாக், சொசைட்டி கணக்கு என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் மேரி ஸ்பிரெட்ஷீட்டில் ஏற்றிக் கொடுப்பாள். சனிக்கிழமை தோறும் கரீம் பாட்சா வருவார். மேலப்பாளையத்துக்காரர். கோவண்டிப் பக்கம் அவருக்கு அறுபத்திரண்டு எருமைகள் கொண்ட தபேலா இருந்தது. எருமைக் கொட்டகையை பம்பாயில் அப்படித்தான் சொல்வார்கள்.

ஒவ்வொரு எருமைக்கும் ஒரு எண். எவ்வளவு பிண்ணாக்கு, எவ்வளவு தவிடு, எவ்வளவு பால் என்று தபேலாவைப் பார்த்துக்கொண்ட அய்யாத்துரை நோட்டில் எழுதி அனுப்புவார். எருமைகள் நிற்கும் வரிசையிலேயே எழுதுவார், வாசலில் தொடங்கி உள்ளே வரை. மேரி அதே வரிசையில் அடிப்பாள். பாலை விலையால் பெருக்கி, தீனிச் செலவைக் கழித்து, எந்த எருமை லாபம், எந்த எருமை நஷ்டம் என்று கம்ப்யூட்டர் சொல்லும். பால் வற்றிக்கொண்டு வருபவற்றை பாட்சா தேவ்னார் கசாப்புக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுப் புது எருமை வாங்குவார்.

"முன்னால எல்லாம் ஒரு எருமைய அனுப்புறதுக்கு ஒரு மாசம் யோசிப்பேன் தங்கச்சி. இப்ப ஒன் பேப்பரப் பாத்தா அஞ்சு நிமிஷம்" என்று ஒருமுறை அவர் சொன்னார். மேரி தலையாட்டினாள். அப்போதெல்லாம் எதற்கும் தலையாட்டிவிடுவாள்.

அடுத்த ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, பால் குறைந்த ஆறு எருமைகளின் பட்டியல் மட்டும் உடனே வேண்டும் என்று பாட்சா சொல்லி அனுப்பியிருந்தார். லாரி திங்கட்கிழமை. மேரி அடித்து முடித்தாள், குறைந்த பால் மேலே வரும்படி அடுக்கினாள், பிரிண்ட் எடுத்தாள், கவரில் போட்டு வந்த ஆளிடம் கொடுத்தாள். நோட்டு அவள் மேஜையிலேயே தங்கிவிட்டது.

புதன்கிழமை மதியம் பாட்சா நேரில் வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"ஆறு எருமை போச்சு. ஒன் பேப்பர் பிரகாரம் நாளைக்குப் பதினெட்டு லிட்டரு கொறையணும். அம்பத்தி மூணு கொறைஞ்சிருக்கு. எங்க போச்சு அந்தப் பாலு?"

"நோட்டு எழுதறவர் என்ன சொல்றார், பாய்?"

"அவன வெரட்டியாச்சு. லாரியில ஏத்தும்போது குறுக்க வந்து நிக்கான். நாப்பத்தொண்ணாம் நம்பரு ஒம்பது லிட்டரு குடுக்கு மொதலாளின்னான். பேப்பர்ல மூணு போட்டிருக்கு. அப்ப நோட்டுல மூணுன்னு எழுதிட்டு மிச்ச ஆற வெளிய வித்திருக்கான்னுதான அர்த்தம்? பதினாலு வருசமா எங்கூட இருந்தவன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அவன் போயி ரெண்டு நாளாச்சு. இப்பவும் அதே கொறச்சல். தொழுதுட்டு வாரேன், பாத்து வையி."

அவர் படியிறங்கிப் போனதும் மேரி நோட்டைத் திறந்தாள். முதல் பக்கம், முதல் வரி: நாற்பத்தொன்று, ஒன்பது லிட்டர். அடுத்தது ஏழு, ஒன்பதே கால். பிறகு ஐம்பத்தெட்டு, இருபத்துமூன்று, பன்னிரண்டு, முப்பது. பட்டியலின் நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதிலும் அதே ஆறு, அதே வரிசையில்.

உடனே புரிந்தது. அடுக்கும்போது பால் அளவு இருந்த பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்திருந்தாள். எண் பத்தி இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. குறைந்த பால் எல்லாம் மேலே ஏறி, வாசல் வரிசையில் நின்ற ஆறு எருமைகளின் பெயரில் உட்கார்ந்துகொண்டது. வற்றிப்போன ஆறும் உள்ளே பிண்ணாக்கு தின்றுகொண்டிருந்தன.

பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. எழுந்து போய் ராஜலக்ஷ்மியிடம் சொன்னாள், மழை வருகிறது என்று சொல்வதுபோல.

ராஜலக்ஷ்மி கண்ணாடியைக் கழற்றினாள். "ஆறு எருமையா? ஐயோ, ஒண்ணொண்ணும் எட்டாயிரம் ஒன்பதாயிரம் இருக்குமேடி! நீ வாயைத் திறக்காதே. நோட்டுல எழுத்து சரியாப் புரியலைன்னு சொல்லிடலாம். அந்த ஆள்தான் ஏற்கனவே போயிட்டானோல்லியோ?"

"அவர் போகலை, மேடம். துரத்திட்டாங்க."

"அதுக்கு நீ என்ன பண்ணுவே? மெஷின் லோன் இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி இருக்கு."

மேரி தன் மேஜைக்குத் திரும்பினாள். வீரமாக எதையும் தீர்மானித்ததாகவும் அவளுக்குத் தோன்றவில்லை. பொய் சொல்ல வேண்டுமானால் அதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு அவளிடம் தெம்பில்லை.

பாட்சா திரும்பி வந்ததும் நோட்டையும் பட்டியலையும் அவர் முன்னால் வைத்துச் சொன்னாள். அவர் விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுப் பார்த்தார்.

"மிஷினு தப்புப் பண்ணுமா?"

"மிஷின் பண்ணலை, பாய். நான்தான் பண்ணினேன். ஒரு தடவை நோட்டோட சரி பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பாக்கலை."

அவர் திட்டுவார் என்று உள்ளேயிருந்து ராஜலக்ஷ்மி எட்டிப்பார்த்தாள். அவர் நோட்டை மூடினார். "வாசப் பக்கத்து வரிசை அப்படியே போவுதேன்னு அவன் கத்துனான். எனக்குக் காதுல ஏறல" என்றார். பிறகு, "நீயும் வா. நான் சொன்னா நம்ப மாட்டான்" என்றார்.

தாராவியில் அய்யாத்துரையின் அறை, ஒரு தோல் பட்டறைக்குப் பின்னால் இருந்தது. பட்டறை வாசலில் பண்டல்களை இறக்கிக்கொண்டிருந்த அய்யாத்துரை இவர்களைப் பார்த்தும் வேலையை நிறுத்தவில்லை. கடைசிப் பண்டலை வைத்துவிட்டுத்தான் வந்தார்.

"அண்ணாச்சி, தப்பு என்னோடது. நீங்க எழுதினது எல்லாம் சரி" என்று மேரி நோட்டை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. "நான் எழுதுனது சரின்னு எனக்குத் தெரியாதாம்மா?"

பாட்சா தரையைப் பார்த்தபடி, "வந்துரு அய்யாத்துரை. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார்.

"களவாணின்னு சொன்னீங்க மொதலாளி. வேலக்காரனுவ எல்லாம் நின்னு கேட்டானுவ."

"அவங்க முன்னாலயே வந்து சொல்றேன், நான் சொன்னது பொய்யின்னு."

அய்யாத்துரை கையிலிருந்த தூசியைத் தட்டினார். மேரியைப் பார்த்துக் கேட்டார். "அந்தப் பேப்பரு இங்கிலீசுலதான வரும்? எண்ணு எப்படி, நாம எழுதுற மாதிரிதான இருக்கும்?"

"ஆமா அண்ணாச்சி. எண் எல்லாம் ஒண்ணுதான்."

"அப்ப எனக்கும் ஒரு பேப்பரு வேணும். நான் பாத்துச் சரின்னு சொல்லாம லாரி உள்ள வரக் கூடாது."

பாட்சா சம்மதித்தார். மறுநாளே அவர் சொன்னபடி எல்லோர் முன்னாலும் சொன்னதாக மேரி பிறகு கேள்விப்பட்டாள். ராஜலக்ஷ்மி ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைப் பிடித்தாள். வேலையை விட்டு அனுப்பவில்லை, ஏனென்றால் பாட்சா சென்டரை விடவில்லை.

செப்டம்பரில் அடுத்த பட்டியல் தயாரானது. நோட்டோடு இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, மேரி அதைத் தானே எடுத்துக்கொண்டு தபேலாவுக்குப் போனாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. சாணியும் ஈரத் தவிடும் கலந்த வாடை ரோட்டுக்கே வந்தது. அய்யாத்துரை தாளை வாங்கி ஒவ்வொரு எருமையாகப் போய் நின்று, மடியைத் தொட்டுப் பார்த்து, எண்ணுக்கு நேரே பென்சிலால் கோடு போட்டார். பட்டியலில் இருந்த ஆறில் ஐந்துக்குக் கோடு விழுந்தது. ஆறாவதன் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"இது மட்டும் வேண்டாம். காய்ச்சல்ல கிடந்துச்சு, அதான் பாலு கொறஞ்சிருக்கு. பத்து நாள்ல ஏறிரும்."

மேரி பேனாவை எடுத்து அந்த எண்ணை அடித்தாள்.

ஐந்து எருமைகளும் பலகை வழியாக லாரியில் ஏறின. நான்கு ஒழுங்காக ஏறிவிட்டன. கடைசி ஒன்று பாதியில் நின்றுகொண்டது. அய்யாத்துரை அதன் கழுத்தைத் தடவி ஏதோ சொன்னார். அதுவும் ஏறியது. பின்கதவைச் சாத்தினார்கள். தாளில் உள்ள ஐந்தும் லாரியில் உள்ள ஐந்தும் ஒன்றுதானா என்று மேரி எண்களை ஒத்துப் பார்த்தாள். ஒன்றுதான்.

லாரி திரும்பிப் போகும்வரை நின்றாள். ஏதாவது தோன்றும் என்று நினைத்தாள். கால் வலித்தது, அவ்வளவுதான். ஓரத்தில் அடுக்கியிருந்த பிண்ணாக்கு மூட்டைமேல் உட்கார்ந்தாள். அய்யாத்துரை ஒரு டம்ளரில் சூடான பாலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் எருமைகளுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அவள் அதை முழுக்கக் குடித்தாள். பிறகு பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று பர்ஸைத் திறந்து பார்த்தாள்.