நிமிடத்துக்கு ஒன்பது

எல்லம்மாள் அந்த டேப்பைத் துவைத்து மடித்த டவலில் சுற்றி, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். பாட்டுக் கேசட்டைவிடச் சற்றுத் தடிமன், கம்ப்யூட்டர் பதிவுகளுக்கானது. காலை ஏழே முக்கால்.

கீழ்பென்னாத்தூரில் அவள் இருபத்திரண்டு வருடமாக நர்ஸ். பதவி உயர்வுக்காகப் பயிற்சிச் சான்றைச் சரிபார்க்கிறார்கள். அசல் ஒரு மழையில் போய்விட்டது. படித்த நர்சிங் பள்ளியை மூடிப் பல வருடமாகிறது. அந்தப் பள்ளியில் படித்தவர்களின் மதிப்பெண், புகைப்படம், சான்று எல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றியது இந்த ஒரே டேப்பில்தான். தாளாளரின் மகன் பரணில் தேடி எடுத்துக் கொடுத்தது முந்தின நாள் சாயங்காலம். அன்று மதியம் ஒரு மணிக்குள் வேங்கிக்கால் அலுவலகத்தில் நகலைக் கொடுக்காவிட்டால் பட்டியலில் அவள் பெயர் இருக்காது.

இந்த வகை டேப்பைப் படிக்கும் டிரைவ் எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது. என் மனைவி எழிலரசியுடையது. தேரடித் தெருவில் இருபத்தாறு வருடம் கம்ப்யூட்டர் பழுது பார்த்தவள். போன ஐப்பசியில் போய்விட்டாள். நான் தபால் நிலையத்தில் வேலை பார்த்தேன். மாலையில் அவள் கடையில் உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதுவேன். ஊரில் என்னை ராஜேந்திரன் என்று அழைப்பவர்கள் குறைவு. ‘மேடம் வீட்டுக்காரர்’ என்றால் எல்லோருக்கும் தெரியும். தபால் நிலையம் எனக்கு அப்படி ஒரு பெயரைத் தரவில்லை.

எல்லம்மாளோடு வந்திருந்த அருண்பிரசாத் வேங்கிக்காலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். முப்பத்தைந்து வயது இருக்கும். நான் அலமாரியிலிருந்து டிரைவையும் பழைய கம்ப்யூட்டரையும் எடுத்து வைத்தேன். டிரைவின் அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தவர் சிரித்தார்.

“முப்பத்தாறு எம்பி வேகம். டேப்ல எழுநூத்தி இருபது எம்பினு லேபிள்ல இருக்கு. இருபது செகண்டு வேலை, சார். டீ சொல்றதுக்குள்ள முடிஞ்சிடும்.”

“செகண்டுக்கு இல்லீங்க தம்பி. இந்தக் காலத்து டேப்புக்கெல்லாம் நிமிஷக் கணக்கு.”

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி படித்தார். “ஆமா, நிமிஷம்தான் போட்டிருக்கான். சரி, இருபது நிமிஷம். ஒன்பது மணிக்குக் கரண்ட் கட் பண்றான். அதுக்குள்ள தாராளமா ஆயிடும்.”

அன்று மாதாந்திரப் பராமரிப்பு. ஒன்பதிலிருந்து இரண்டு வரை டவுனிலும் வேங்கிக்காலிலும் மின்சாரம் இருக்காது. எங்கள் யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. பாதியில் நின்றால் இந்த டேப்பை மறுபடி ஓட்ட முடியாது. உள்ளே இருக்கும் ரப்பர் பட்டை இறுகிப்போயிருக்கும். ஒரு தடவை தாங்கினால் பெரிது.

நான் நோட்டைப் பிரித்து வைத்தேன். முப்பத்தாறு என்பது தகவலைச் சுருக்கிப் பதியும்போது வரும் கணக்கு. சுருக்க முடிந்த எழுத்துக்கும் எண்ணுக்கும்தான் அது பொருந்தும். ஸ்கேன் செய்த படங்கள் முன்பே சுருங்கியவை. எனவே பாதி, பதினெட்டு. நாற்பது நிமிடம். அதற்கும் கீழே இன்னொரு வரி என் கையெழுத்தில் இருந்தது. ‘நம் மெஷினில், பிரிண்டர் மாட்டும் இடத்தில் இணைத்தால், நிமிடத்துக்கு ஒன்பது. மூன்று முறை ஓட்டிப் பார்த்தது.’

“எண்பது நிமிஷம்” என்றேன். “எல்லாத்தையும் மாட்டி ஓட விட்டா ஒன்பதரை ஆயிடும்.”

அருண்பிரசாத் நோட்டைத் தட்டினார். “சார், மேடத்த நான் குறை சொல்லல. ஆனா கம்பெனிக்காரன் பெட்டியில போட்டது பொய், இது மட்டும் நிஜமா?”

இதே கேள்வியை ஒருமுறை நானும் எழிலரசியிடம் கேட்டிருக்கிறேன். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவது முறை ஓட்டிக்கொண்டிருந்தாள். “பெட்டியில இருக்கறது விக்கிறவன் வேகம். வாங்கினவன் வேகம் இன்னானு நாமதான் பாக்கணும். நீ பேசாம எழுது” என்றாள்.

“இன்னா பண்லாம்ணா?” என்றாள் எல்லம்மாள். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நான் சொல்வது தப்பாக இருந்தால், கையிலிருக்கும் ஒரு மணி நேரத்தை வீணாக்கிவிடுகிறேன்.

“உங்க ஊர்ல இன்னிக்குக் கரண்ட் இருக்குமா?”

“எங்களுக்கு வேற லைன். அடுத்த வாரம்தான் கட்டு.”

“அப்ப மெஷினையே அங்க எடுத்துனு போயிடலாம்.”

அருண்பிரசாத் என்னையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். “இத்தைத் தூக்கினு கீழ்பென்னாத்தூருக்கா? வழியில குலுங்கி உள்ள எதுனா கழண்டா?”

“கழண்டா மாட்டிக்கலாம். டேப் அறுந்தா ஒட்ட முடியாது.”

எல்லம்மாள் டேப்பை மறுபடி டவலில் சுற்றினாள். பிறகு செல்லில் யாரையோ கூப்பிட்டு, வேன் வேண்டும் என்றாள்.

வழி நெடுக மானிட்டரை நான் மடியில் வைத்திருந்தேன். டிரைவ் அருண்பிரசாத் மடியில். வேகத்தடை வரும்போதெல்லாம் அவர், “மெதுவாங்க, உள்ள மேடம் இருக்காங்க” என்றார். முதல் தடவை கேலியாகத்தான் சொன்னார்.

எல்லம்மாள் வீட்டுக் கூடத்தில் எல்லாவற்றையும் மாட்டி டேப்பை ஓட விட்டபோது ஒன்பது நாற்பது. கரகரவென்று ஒரு சத்தம். அருண்பிரசாத் செல்லில் நேரத்தை வைத்துக்கொண்டு திரையை முறைத்தார். ஒரு நிமிடம் ஆனது. திரையில் ஒன்பது. இரண்டாவது நிமிடம் பதினெட்டு. மூன்றாவதில் இருபத்தேழு வந்ததும் செல்லைப் பைக்குள் போட்டுவிட்டு, “அந்த நோட்டைக் குடுங்க சார், போட்டோ எடுத்துக்கறேன்” என்றார். நான் நோட்டின் முதல் பக்கத்தைத்தான் விரித்துக் கொடுத்தேன். எழிலரசியின் பெயர் அங்கேதான் இருந்தது.

அரை மணி போனதும் மின்விசிறி வேகம் குறைந்தது. திரை ஒருமுறை சுருங்கி விரிந்தது. “வோல்டேஜ் கம்மி” என்றார் அருண்பிரசாத். எல்லம்மாள் ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்தினாள். வாசலுக்கு ஓடி, எதிர்த்த கொல்லையில் பம்புசெட் பக்கம் நின்றவரைக் கத்திக் கூப்பிட்டாள்.

“தசரதண்ணா, மோட்டாரை நிறுத்து. பதினோரு மணி வரைக்கும் யாரும் போடக் கூடாதுனு எல்லாருகிட்டயும் சொல்லிடு.”

“எதுக்கு?”

“நான் படிச்சது வந்துனு இருக்குது.”

ஒரு மோட்டார் நின்றது. சற்றுத் தள்ளி இன்னொன்று. பிறகு ஏரிப் பக்கம் ஒன்று. வெயில் ஏறிய நெல்வயல்களில் தண்ணீர் பாய்வது நின்றுபோனது. வரப்புகளில் மண்வெட்டியோடு மூன்று பேர் எங்கள் பக்கம் பார்த்து நின்றார்கள். திரையில் முந்நூற்று ஐம்பத்தொன்று, முந்நூற்று அறுபது. சரிபாதி, நிமிடத்துக்கு அதே ஒன்பது.